மதுவும் பக்கவாதமும்: சீன கடூரி உயிரிவங்கி ஆய்வு காட்டியது

அளவாகக் குடிப்பவருக்கு, குடிக்கவே குடிக்காதவரைவிடப் பக்கவாதம் குறைவாக வருகிறது என்னும் கருத்து மருத்துவ உலகில் பல பத்தாண்டுகள் செல்வாக்குடன் இருந்தது. அந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பல நாடுகளில், பல ஆயிரம் பேரிடம் எடுத்த கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்ப ஒரே வடிவத்தைத்தான் காட்டின. குடிக்காதவர்களிடம் ஆபத்து சற்று அதிகமாகவும், ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்துபவர்களிடம் குறைவாகவும், மிகுதியாகக் குடிப்பவர்களிடம் மீண்டும் அதிகமாகவும் இருந்தது. இந்தக் குழிந்த வளைவு உண்மையில் மதுவின் விளைவா, அல்லது யாரை யாரோடு ஒப்பிட்டோம் என்பதன் விளைவா என்ற கேள்விக்கு, 2019 ஏப்ரலில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான, சீன கடூரி உயிரிவங்கியின் ஆய்வு, பக்கவாதத்தைப் பொறுத்தவரை, நான் அறிந்த சான்றுகளிலேயே மிகத் தெளிவான விடையைத் தந்தது. அந்த ஆய்வையே இங்கு பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த வளைவின் மீது எழுந்த ஐயத்தைச் சொல்ல வேண்டும். 1988-இல் பிரிட்டனின் 24 நகரங்களைச் சேர்ந்த நடுவயது ஆண்களைப் பின்தொடர்ந்த ஷேப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும், 'குடிக்காதவர்' என்று பதிவானவர்களில் பலர் முன்பு குடித்து, உடல்நலம் கெட்டபின் நிறுத்தியவர்கள் என்பதைச் சுட்டிக்காட்டினார்கள். நெஞ்சுவலி வந்தவர், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கியவர், ஈரல் கெட்டவர் ஆகியோர் மருத்துவர் சொல்லிக் கோப்பையைக் கீழே வைக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அவர்கள் 'குடிக்காதவர்' என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். நோயாளிகள் நிறைந்த அந்தக் கட்டத்தோடு ஒப்பிட்டால், நலமாக இருப்பதாலேயே தொடர்ந்து அளவாகக் குடிக்க முடிகிற ஒருவர் ஆரோக்கியமாகத் தெரிவதில் வியப்பில்லை. முன்னாள் குடிப்பழக்கம் உள்ளவர்களைத் தனியே பிரித்துவிட்டாலும் சிக்கல் முழுமையாகத் தீர்வதில்லை. அளவாகக் குடிப்பவர்கள் பல சமூகங்களில் வசதியானவர்கள், படித்தவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். புள்ளியியல் திருத்தங்களால் இந்த வேறுபாடுகளை ஓரளவுதான் நீக்க முடியும்.

ஒரு பாதிப் பேரைக் குடிக்கச் சொல்லியும் மறு பாதியை விலகியிருக்கச் சொல்லியும் சில ஆண்டுகள் சோதித்துவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் அப்படியொரு பெரிய சோதனை தொடங்கவும் செய்தது. அதற்கான பணத்தின் பெரும்பகுதி மது நிறுவனங்களிடமிருந்து வந்தது என்பதும், அந்தப் பணம் திரட்டப்பட்ட விதம் விதிகளுக்குப் புறம்பானது என்பதும் தெரியவந்தபின், அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனம் 2018 ஜூனில் அதை நிறுத்திவிட்டது. எனவே மனிதர்கள் செய்ய முடியாத சோதனையை இயற்கை ஏற்கெனவே எங்காவது செய்து வைத்திருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. அந்த இடம் கிழக்கு ஆசியா.

சீன கடூரி உயிரிவங்கி என்பது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும், சீன மருத்துவ அறிவியல் கழகமும், பீகிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் நீண்டகாலத் திட்டம். 2004 ஜூன் முதல் 2008 ஜூலை வரை, 30 முதல் 79 வயதுக்குட்பட்ட 5,12,715 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள். வடக்கே ஹார்பின், கடற்கரையில் சிங்டாவ், தெற்கே ஹாய்கோவ், சூஜோ, லியூஜோ ஆகிய ஐந்து நகரப் பகுதிகளும், சிச்சுவான், கான்சு, ஹெனான், ஜெஜியாங், ஹுனான் ஆகிய மாகாணங்களின் ஐந்து ஊரகப் பகுதிகளும் தேர்வாகின. ஒவ்வொருவரிடமும் உணவு, புகை, குடி, நோய் வரலாறு கேட்டுப் பதிந்து, இரத்த அழுத்தம் அளந்து, இரத்த மாதிரி எடுத்துச் சேமித்தார்கள். பிறகு இறப்புப் பதிவேடுகள், நோய்ப் பதிவேடுகள், மருத்துவமனைகளின் மின்னணு ஆவணங்கள் ஆகியவற்றோடு இணைத்து, 2017 தொடக்கம் வரை யாருக்கு என்ன நேர்ந்தது என்று கண்காணித்தார்கள்.

சீனாவைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு வலுவான காரணங்கள் உண்டு. அங்கே பக்கவாதம் மிகப் பெரிய உயிர்க்கொல்லிகளுள் ஒன்று. அதிலும் மூளைக்குள் இரத்தக் குழாய் வெடித்துக் கசியும் வகை, மேற்கு நாடுகளைவிடக் கணிசமாக அதிகம். ஆகவே மூளையின் இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தையும் கசிவால் வரும் பக்கவாதத்தையும் தனித்தனியே ஆராயப் போதுமான நிகழ்வுகள் கிடைக்கும். இந்த ஆய்வுக் காலத்தில் ஆண்களில் மட்டும் அடைப்பு வகையில் 14,930 பேரும், மூளைக்குள் இரத்தக்கசிவு வகையில் 3,496 பேரும் பாதிக்கப்பட்டார்கள். இன்னொரு காரணம் அங்குள்ள மக்களின் மரபணு.

மது உடலில் இரண்டு படிகளில் உடைகிறது. முதலில் ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்து ஏ.எல்.டி.எச்.2 என்னும் நொதி அந்த நச்சுப்பொருளைத் தீங்கற்ற அசிடேட்டாக மாற்றுகிறது. கிழக்கு ஆசியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள், இரண்டாவது நொதியை முடக்கும் ஒரு மரபணு மாற்றத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்தோ இருவரிடமிருந்தோ பெற்றிருக்கிறார்கள். அவர்கள் குடித்தால் முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, குமட்டல் வருகிறது. இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் பெரும்பாலும் மதுவைத் தொடுவதே இல்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள். முதல் படியைச் செய்யும் நொதியிலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. அது விரைவாக வேலை செய்யும் வடிவம் உடையவர்களும் குறைவாகவே குடிப்பார்கள்.

இந்த மரபணுக்களை யாரும் தேர்ந்தெடுத்துப் பெறுவதில்லை. கருத்தரிக்கும் கணத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் அவை அமைகின்றன. ஒருவருடைய படிப்போ, வருமானமோ, நடுவயதில் வந்த நோயோ அந்த அமைப்பை மாற்ற முடியாது. எனவே, மரபணு காரணமாகக் குறைவாகக் குடிக்கும் கூட்டத்தையும் மிகுதியாகக் குடிக்கும் கூட்டத்தையும் ஒப்பிட்டால், நோயால் குடியை நிறுத்தியவர் என்ற பழைய குழப்பம் உள்ளே நுழைய வழியில்லை. ஆய்வாளர்கள் 1,61,498 பேரின் மரபணுவைப் பரிசோதித்து, இந்த இரண்டு மாற்றங்களின் சேர்க்கைகளையும் வாழும் பகுதியையும் கொண்டு ஆண்களை ஆறு பிரிவுகளாக்கினார்கள். கணிக்கப்பட்ட சராசரி வாரக் குடி, முதல் பிரிவில் 4 கிராம் தூய மது. கடைசிப் பிரிவில் 256 கிராம். ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலைக்கும் நாளொன்றுக்கு நான்கு கோப்பைக்கும் உள்ள தொலைவு அது. வடக்கும் தெற்கும் உணவிலும் குளிரிலும் வேறுபடுவதால், ஒப்பீடு எப்போதும் ஒரே பகுதிக்குள்ளேயே செய்யப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தத் திருத்தம் இல்லையென்றால் இந்த முறை மதிப்பிழந்துவிடும்.

இப்போது முடிவுகளுக்கு வருவோம். முதலில் பழைய முறையில், ஆண்கள் தாங்களே சொன்ன குடியளவை வைத்துக் கணக்கிட்டபோது, எதிர்பார்த்த குழிந்த வளைவு அப்படியே வந்தது. வாரம் 100 கிராம் அளவில் குடிப்பதாகச் சொன்ன ஆண்களுக்கு, இரண்டு வகைப் பக்கவாதமும் மாரடைப்பும், குடிக்காதவர்களைவிடவும் மிகுதியாகக் குடிப்பவர்களைவிடவும் குறைவாக இருந்தன. இது முக்கியமானது. முந்தைய ஆய்வுகள் கண்டதைச் சீனாவிலும் காண முடிந்தது. அதே மக்கள், அதே ஆண்டுகள், அதே நோய்ப் பதிவுகள். மாற்றியது ஒப்பிடும் முறையை மட்டுமே. மரபணுவால் கணித்த குடியளவை வைத்துப் பார்த்தபோது அந்தக் குழி காணாமல் போனது. பக்கவாதத்தின் ஆபத்து, குடியளவு ஏறத்தாழ பூச்சியமாக உள்ள இடத்திலிருந்து, எங்கும் கீழே இறங்காமல், குடியளவு கூடக் கூட ஏறிக்கொண்டே போனது. வாரத்துக்கு 280 கிராம் கூடும்போது அடைப்பு வகைப் பக்கவாதம் 27 சதவீதமும், மூளைக்குள் இரத்தக்கசிவு 58 சதவீதமும் அதிகரித்தன.

280 கிராம் என்பது பெருங்குடி, நமக்கு அது பொருந்தாது என்று ஒருவர் விலகிப் போய்விடக்கூடும். ஆபத்து ஒரே விகிதத்தில் ஏறுகிறது என்ற அதே கோட்டை வைத்துக் கணக்கிட்டால், 'பாதுகாப்பானது' என்று நம்பப்பட்ட வாரம் 100 கிராமிலேயே அடைப்பு வகை சுமார் 9 சதவீதமும் கசிவு வகை சுமார் 18 சதவீதமும் கூடுகின்றன. தனியொரு இளைஞருக்கு இது சிறிய உயர்வுதான். ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ள அறுபது வயதுக்காரருக்கு அது சிறியதல்ல.

இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்தது பெண்களைப் பற்றிய பகுதி. ஆண்களில் 33 சதவீதத்தினர் பெரும்பாலான வாரங்களில் குடித்தார்கள், அதுவும் பெரும்பாலும் தானியத்திலிருந்து வடிக்கும் கடும் சாராயத்தை. 3,02,510 பெண்களில் அப்படிக் குடித்தவர்கள் 2 சதவீதம் மட்டுமே. ஆனால் மரபணுக்கள் இரு பாலாருக்கும் ஒன்றே. ஒருவேளை அந்த மரபணு மாற்றம் மதுவுக்குத் தொடர்பில்லாத வேறொரு வழியில் இரத்தக் குழாயைப் பாதிக்கிறது என்றால், அந்த விளைவு பெண்களிடமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பெண்களிடம் அந்த மரபணுக்கள் இரத்த அழுத்தத்தையும் கூட்டவில்லை, பக்கவாதத்தையும் கூட்டவில்லை. குடித்தால்தான் மரபணு வேலை செய்கிறது. குடிக்காவிட்டால் அது செயலற்றுக் கிடக்கிறது. ஆண்களிடம் கண்ட ஏற்றத்துக்கு மதுவே காரணம் என்று சொல்லும் துணிவு இந்த ஒப்பீட்டிலிருந்தே வருகிறது. ஒரு சமூகத்தின் வழக்கமே ஆய்வுக்குக் கட்டுப்பாட்டுக் குழுவை அமைத்துக் கொடுத்தது அரிதான வாய்ப்பு.

மது எப்படி இதைச் செய்கிறது என்பதற்கு முதல் விடை இரத்த அழுத்தம். கணித்த குடியளவு கூடக் கூட மேல் அழுத்தமும் ஒரே சீராகக் கூடியதை இதே ஆய்வு காட்டியது. மூளையின் ஆழத்தில் உள்ள மெல்லிய தமனிகள் பல ஆண்டுகள் மிகை அழுத்தத்தைத் தாங்கித் தளர்ந்து, ஒருநாள் கிழிகின்றன. கசிவு வகைப் பக்கவாதம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அடைப்பு வகையைவிடக் கசிவு வகைக்கு மதுவோடு உறவு வலுவாக இருப்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம். நீண்டநாள் மிகுகுடி ஈரலைக் கெடுத்து, இரத்தம் உறையத் தேவையான பொருள்களின் உற்பத்தியையும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் குறைக்கிறது. கிழிந்த இடத்தில் கசிவு நிற்பதும் அதனால் தாமதமாகிறது. அடைப்பு வகைக்கு வேறொரு பாதையும் உண்டு. மது இதயத்தின் மேலறைகளின் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடும். சீரற்றுத் துடிக்கும் அறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்கு ஏறுகிறது.

மாரடைப்பில் முடிவு வேறு. மரபணுவால் கணித்த குடியளவுக்கும் மாரடைப்புக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆபத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் மாரடைப்பு நிகழ்வுகள் பக்கவாதத்தைவிட மிகக் குறைவாக இருந்ததால், சிறிய நன்மையோ சிறிய தீமையோ இருந்தால் அதைப் பிரித்தறியும் திறன் அந்தக் கணக்குக்கு இல்லை. 'மது இதயத்துக்கு நல்லது' என்ற வாதத்துக்கு இது துணை நிற்கவில்லை. அதை முற்றிலும் மறுக்கவுமில்லை. பக்கவாதத்தில் கிடைத்த உறுதியை மாரடைப்புக்கும் நீட்டி எழுதுபவர்கள் ஆய்வு சொன்னதைவிட அதிகம் சொல்கிறார்கள்.

வேறு ஒரு வரம்பையும் மறைக்கக் கூடாது. வாரம் 50 கிராம் சராசரி உள்ள பிரிவில் எல்லோரும் 50 கிராம் குடிப்பவர்கள் அல்ல. அதில் குடிக்காதவர்களும் இருப்பார்கள், பெருங்குடியர்களும் இருப்பார்கள். எனவே மிகச் சிறிய அளவில் ஏதேனும் நுட்பமான வளைவு இருந்தால், சராசரி அதை நேராக்கிக் காட்டியிருக்கலாம் என்று வாதிட இடமுண்டு. நான் அந்த வாதத்தை மதிக்கிறேன்; ஆனாலும் ஏற்க முடியவில்லை. ஒன்றுக்கொன்று முரண்படாத பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. 2018-இல் 19 வளமான நாடுகளின் 83 ஆய்வுகளைத் திரட்டி, குடிப்பவர்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிட்ட பகுப்பாய்வு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குடிக்காதவர்கள் அதில் சேர்க்கப்படவே இல்லை, ஆகவே நோயால் நிறுத்தியவர் குழப்பமும் இல்லை. மரபணுவைத் தொடாத அந்த முறையிலும், 5,99,912 பேரிடம், வாரத்துக்கு 100 கிராம் கூடும்போது பக்கவாதம் 14 சதவீதம் கூடியது.

மரபணுக் கணக்கு சொல்லாத ஒன்று, குடிக்கும் முறை. வாரத்தில் 140 கிராமை ஏழு இரவுகளில் பிரித்துக் குடிப்பவரும், சனிக்கிழமை ஒரே அமர்வில் முடிப்பவரும் சராசரியில் சமம், உடலுக்குச் சமமல்ல. இதைப் பின்லாந்து முன்பே கவனித்தது. அங்கு வார இறுதியில் மொத்தமாகக் குடிக்கும் வழக்கம் வலுவாக இருந்தது. இளம் வயதினருக்கு வரும் மூளை அடைப்புக்கும் அதற்கு முந்தைய போதைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அந்நாட்டு ஆய்வாளர்கள் ஹில்போமும் காஸ்டேயும் 1978-இலேயே கேள்வி எழுப்பினார்கள். 2008-இல் வெளியான பின்லாந்தின் மக்கள்தொகை ஆய்வு, ஒரே அமர்வில் அளவுக்கு மீறிக் குடிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு அடைப்பு வகைப் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. அவர்களின் சராசரிக் குடியளவைக் கணக்கில் எடுத்தபின்னும் அந்த உறவு நீடித்தது. கடூரி ஆய்வுக் குழுவே 2023-இல், சீன ஆண்களிடம் 207 நோய்களை ஆராய்ந்து, 61 நோய்களின் ஆபத்து மதுவோடு கூடுவதைக் காட்டியபோது, நாள்தோறும் குடிப்பதும், ஒரே மூச்சில் மிகுதியாகக் குடிப்பதும், உணவில்லாமல் குடிப்பதும் நோய்ச்சுமையைக் கூட்டுவதாகச் சொன்னது.

கிராம் கணக்கு நம் ஊரில் யாருக்கும் பழக்கமில்லை என்பதால் அதைப் புட்டிக் கணக்காக மாற்றித் தருகிறேன். இந்தியாவில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றின் வலிமை பெரும்பாலும் 42.8 சதவீதம். ஒரு குவாட்டர், அதாவது 180 மி.லி., ஏறத்தாழ 61 கிராம் தூய மது. சீன ஆய்வில் குறைந்த ஆபத்துள்ளதாகத் தோன்றிப் பின் அந்தத் தோற்றம் கலைந்த 100 கிராம் வாரக் குடி என்பது இரண்டு குவாட்டருக்கும் குறைவு. நான்கரை குவாட்டரைத் தாண்டும்போதே 280 கிராம் நிறைந்துவிடுகிறது. எட்டு சதவீத பீர் 650 மி.லி. புட்டி ஒன்றில் சுமார் 41 கிராம் இருக்கிறது. பீர் லேசானது என்று நினைத்து இரண்டு புட்டி அருந்துபவர் ஒரு குவாட்டருக்கு மேல் குடித்தவராகிறார். முகம் சிவக்கச் செய்யும் அந்த மரபணு மாற்றம் தென்னாசியரிடம் மிக அரிது. ஆகையால் சீனர்களில் பலரைக் குடியிலிருந்து தடுத்து நிறுத்தும் அந்த உடல் எச்சரிக்கை நம்மிடம் பெரும்பாலோருக்குக் கிடையாது. இரத்த அழுத்தம் உயரும் விதத்தில் மட்டும் எந்த வேறுபாட்டையும் எதிர்பார்க்கக் காரணமில்லை.

சீன ஆண்களுக்கு வந்த அடைப்பு வகைப் பக்கவாதங்களில் 8 சதவீதத்துக்கும், மூளைக்குள் இரத்தக்கசிவுகளில் 16 சதவீதத்துக்கும் மது காரணம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இந்தப் பங்கு தவிர்க்கக்கூடியது என்பதற்கு நேரடிச் சோதனைகளிலிருந்து ஆதாரம் உண்டு. 2017-இல் தொகுக்கப்பட்ட பல சோதனைகளின்படி, நாளொன்றுக்கு ஆறு கோப்பைக்கு மேல் குடித்தவர்கள் அதைப் பாதியாகக் குறைத்தபோது மேல் அழுத்தம் சராசரியாக 5.5 அலகு இறங்கியது. 2020-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில், இதய மேலறைத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும் வழக்கமாகக் குடிப்பவர்களுமான 140 பேர் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆறு மாதத்தில் அந்தக் கோளாறு, வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும், மதுவை விட்டவர்களில் 53 சதவீதத்தினருக்கும் மீண்டும் வந்தது. பக்கவாதம் வந்து பிழைத்தவரிடமும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும்போதும், 'குடிப்பீர்களா' என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளும் மருத்துவர் பாதித் தகவலோடுதான் மருந்து எழுதுகிறார். வாரத்துக்கு எத்தனை குவாட்டர், எத்தனை நாள்களில், ஒரே அமர்வில் எவ்வளவு, வெறும் வயிற்றிலா என்றும், முன்பு குடித்து நிறுத்தியவராக இருந்தால் எப்போது, ஏன் நிறுத்தினார் என்றும் கேட்டு, அந்த விடைகளை இரத்த அழுத்த அளவின் பக்கத்திலேயே குறிப்பேட்டில் பதிய வேண்டும்.